அத்தியாயம் 6: தனியே விட்டால் கடித்துக் குதறும் நாய்

காப்பகத்திலிருந்து கூட்டிவந்த முதல் வாரம் நாய் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். வைத்ததைத் தின்னும், கூப்பிட்டால் வாலை லேசாக ஆட்டும், சத்தமே போடாது. "இவ்வளவு சாதுவா இருக்கே!" என்று வீட்டில் எல்லோரும் உருகுவார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் வெளியே போய்விட்டுத் திரும்பினால், வாசல் கதவின் உள்பக்கம் கீறல் கீறலாகச் செதில் பெயர்ந்திருக்கும். மிதியடி நார்நாராகக் கிடக்கும். சோபாவின் பஞ்சு கூடம் முழுக்கப் பறக்கும். மறுநாளும் அதே கதை. மாத முடிவில் காப்பகத்துக்கு ஒரு போன் போகும்: "எங்களால முடியலைங்க, திரும்ப எடுத்துக்கோங்க."

அந்த போன் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம். இதில் சொல்லப்போவதன் சாரம் இதுதான்: இப்படிக் கடிக்கிற நாய் பயத்தில் கடிக்கிறது. பயம் குறைந்தால் கடி நின்றுவிடும். பயத்தைக் குறைக்க வழி உண்டு. அதற்கு நேரம் வேண்டும், ஒழுங்கு வேண்டும், அடி வேண்டாம்.

இங்கே நாம் மனத்தில் வைத்துப் பேசுவது வளர்ந்த நாட்டு நாயை. வயது 2 அல்லது 3 இருக்கும். தெருவில் பிறந்து, கருத்தடை செய்யப்பட்டதற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டோடு, காப்பகம் வழியாக உங்கள் ஃபிளாட்டுக்கு வந்திருக்கும். கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் முதல் ஊருக்கு ஊர் இயங்கும் சிறு காப்பகங்கள் வரை தத்துக்குக் காத்திருப்பவற்றில் பெரும்பாலானவை இத்தகைய நாய்களே. வேறு இனமாக இருந்தாலும் வழிமுறை மாறாது.

எந்தக் கடி இது?

கடிக்கிற நாயெல்லாம் பயந்த நாய் என்று சொல்லிவிட முடியாது. காரணம் மாறினால் வைத்தியமும் மாறும். ஆகவே முதலில் பிரித்துப் பாருங்கள்.

பல் முளைக்கும் கடி: குட்டிக்கு 28 பால் பற்கள். சுமார் 4 மாத வயதில் அவை விழத் தொடங்கும். 6, 7 மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுக்கும், கிடைத்ததையெல்லாம் கடிக்கும். இது இயல்பு. கடிக்கத் தகுந்த பொருளைக் கொடுத்தால் போதும்.

சலிப்புக் கடி: நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் நடக்கும். செருப்பு, ரிமோட், குழந்தையின் பொம்மை என்று கண்ணில் பட்டது எதுவாக இருந்தாலும் சரி. உடம்பு தளர்ந்திருக்கும், விளையாட்டுத்தனம் தெரியும், கடித்து முடித்ததும் நன்றாகத் தூங்கும். நடையும் வேலையும் கூடினால் இது குறையும்.

நோய்க் கடி: மண், சுவர்ச் சுண்ணாம்பு, துணி, கல் ஆகியவற்றைக் கடிப்பதோடு நிற்காமல் விழுங்கவும் செய்யும். குடற்புழு, வயிற்றுக் கோளாறு, உண்ணிக் காய்ச்சலால் வந்த ரத்தசோகை இவற்றில் ஏதாவது பின்னால் இருக்கலாம். தெருவிலிருந்து வந்த நாய்க்கு இந்த மூன்றும் சர்வ சாதாரணம். பல்வலியும் கடிக்கும் பழக்கத்தை மாற்றும். எந்தப் பயிற்சியையும் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தமும் மலமும் பரிசோதித்துவிடுங்கள்.

சத்தத்துக்குப் பயந்த கடி: இடி, பட்டாசு, மேளம் கேட்கும் நாட்களில் மட்டும் நடக்கும். வீட்டில் ஆள் இருந்தாலும் நடக்கும்.

தனிமைக்குப் பயந்த கடி: நீங்கள் இல்லாதபோது மட்டும் நடக்கும். எங்கே கடித்திருக்கிறது என்று பாருங்கள். கதவு நிலை, கிரில், ஜன்னல் ஓரம், திரைச்சீலை என்று வெளியே போகும் வழிகளில்தான் பெரும்பாலும் பல் பட்டிருக்கும். அடுத்தபடியாக உங்கள் வாசனை ஏறிய பொருட்கள்: தலையணை, கழற்றிப் போட்ட சட்டை, செருப்பு. கூடவே வேறு அடையாளங்களும் இருக்கும். தரையில் எச்சில் தேங்கியிருக்கும். வியர்த்த பாதத்தின் ஈரத்தடம் தெரியும். வெளியே போய்ப் பழகிய நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்திருக்கும். ஆசையாகத் தின்னும் தீனி தொடாமல் அப்படியே கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஊளைச் சத்தம் கேட்டதாகச் சொல்வார்.

ஊகத்தில் முடிவெடுக்க வேண்டாம். பழைய போன் ஒன்றை அலமாரிமேல் சாய்த்து வைத்து, வீடியோ பதிவை ஓடவிட்டு, வழக்கம்போல் கிளம்பிப் போங்கள். அரை மணி நேரப் பதிவு போதும். தனிமைக்குப் பயப்படும் நாய் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்ளேயே தவிக்கத் தொடங்கிவிடும். கதவுக்கும் ஜன்னலுக்கும் ஓடும், வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், ஊளையிடும், பிறகு கடிக்கத் தொடங்கும். சலித்த நாயோ முதலில் நன்றாகத் தூங்கி எழுந்து, ஒரு சுற்று வந்து, அதற்குப் பிறகு செருப்பைத் தேடும். மருத்துவரிடம் போகும்போது இந்தப் பதிவையும் காட்டுங்கள்.

தத்தெடுத்த நாய்க்கு ஏன் இப்படி?

தெருநாயின் வாழ்க்கையில் தனிமை என்பதே அரிது. கூட்டாளி நாய்கள் இருக்கும், டீக்கடை இருக்கும், பிஸ்கட் போடும் ஆள் இருப்பார். பயம் வந்தால் எழுந்து ஓட இடம் இருக்கும். அங்கிருந்து அது வண்டியில் ஏற்றப்பட்டு, நூற்றுக்கணக்கான நாய்கள் குரைக்கும் காப்பகத்துக்கு வருகிறது. 1990களில் அமெரிக்கக் காப்பகம் ஒன்றில் நடந்த ஆய்வில், புதிதாக வந்த நாய்களின் ரத்தத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் முதல் 3 நாட்கள் மிக அதிகமாக இருந்தது தெரியவந்தது. அந்த அழுத்தம் தணியுமுன்னே மறுபடி ஒரு புது இடம், புது மனிதர்கள், நான்கு சுவர். அதற்கு அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் திரும்பி வருவீர்கள் என்று நம்ப அதனிடம் ஒரு அனுபவமும் இல்லை.

முதல் வாரத்துச் சாதுத்தனத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. அது பல நாய்களுக்கு அமைதி இல்லை. அச்சத்தில் உறைந்துபோன நிலை. உங்களோடு ஒட்டுதல் வந்த பிறகுதான் பிரிவு வலிக்கத் தொடங்கும். அதனால்தான் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கடி வெளிப்படுகிறது. காப்பகத்தார் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: பயம் தெளிய 3 நாள், வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று ஊன்ற 3 மாதம். நாய்க்கு நாய் இது மாறும். ஆனால் 3 வாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு நல்ல நினைவூட்டல்.

கடிப்பது ஏன்? மெல்லும்போது நாயின் உடம்பு தணிகிறது. வெளியே போக வழி தேடுவதும், தன்னைத் தானே ஆற்றிக்கொள்வதும் ஒன்றாகச் சேர்ந்ததே அந்தக் கதவில் நீங்கள் பார்க்கும் பல்தடம்.

அடித்தால் ஏன் கெடும்?

"தப்பு செஞ்சோம்னு அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாருங்க" என்று பலர் சொல்வதுண்டு. காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்த முகத்தை அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார். சில சமயம் நாய் தப்புச் செய்யாதபோதும் செய்ததாக உரிமையாளரிடம் சொல்லப்பட்டது. நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அது அதிகம் தோன்றியது. அதாவது அது குற்ற உணர்வு இல்லை. உங்கள் கோபத்தைக் கண்டு வந்த பணிவு.

காலை 9 மணிக்குக் கடித்ததற்கு மாலை 6 மணிக்கு அடி விழுந்தால் நாய்க்கு எது எதற்கு என்று விளங்காது. நீங்கள் வருவதும் பயம் என்று ஆகிவிடும். போனாலும் பயம், வந்தாலும் பயம். கடி கூடும். வீடு திரும்பியதும் ஒன்றும் பேசாமல் நாயை வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க வையுங்கள். திரும்பி வந்து, அதை வேறு அறையில் விட்டுவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். கோபம் வருவது மனித இயல்பு. அது நாயின் மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் கடமை.

இன்றே செய்ய வேண்டியது: வீட்டைப் பாதுகாப்பாக்குங்கள்

பயிற்சி பலன் தர வாரங்கள் ஆகும். அதற்குள் நாய் எதையாவது விழுங்கி உயிருக்கு ஆபத்து வரக் கூடாது. தரையில் குனிந்து, நாயின் கண் உயரத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். இவை எதுவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது:

- சார்ஜர் வயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பயன்படுத்தாதபோது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நாய் வயரைக் கடித்து விழுந்து கிடந்தால் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே தொட வேண்டும்.
- கொசுவிரட்டித் திரவக் குப்பி, அந்துருண்டை, கற்பூரம், எலி மருந்து, பினாயில்.
- மாத்திரைகள். நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் நாய்க்கு நஞ்சு.
- வட்டமான சிறு பேட்டரி, ரிமோட், ஊசி, நூல்கண்டு, முடி ரப்பர், சாக்ஸ்.
- மாங்கொட்டை, மக்காச்சோளத் தண்டு, வெந்த எலும்பு. முதல் இரண்டும் குடலை அடைக்கும். வெந்த எலும்பு கூர்மையாக உடைந்து குத்தும்.
- திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு.

செருப்பு ஸ்டாண்டுக்குக் கதவு போடுங்கள். குப்பைக் கூடையை மூடி போட்டு உயரத்தில் வையுங்கள். சமையலறைக்கும் பால்கனிக்கும் தடுப்பு வையுங்கள்.

நாய் எதையாவது விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், சாப்பிட மறுத்தால், வயிற்றைத் தொடவிடாவிட்டால், மலம் போக முக்கினால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நாயைக் கொன்றுவிடக்கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள்; உள்ளே குடலை அறுத்துவிடும். சென்னையில் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போல, உங்கள் ஊரில் அவசரத்துக்குப் போகக்கூடிய இடம் எது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை இப்போதே விசாரித்துப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

நாளை ஒழுங்காக்குங்கள்

அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த நாய்க்குப் பயம் பாதியாகக் குறையும். நடை, சாப்பாடு, தூக்கம் மூன்றுக்கும் நேரம் குறியுங்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஒரு மாதிரி அட்டவணை:

காலை 5.30 முதல் 6.15 வரை நடை. இழுத்துக்கொண்டு ஓடுவதை விட, நின்று நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். தெருநாய்க்கு மூக்குதான் செய்தித்தாள்; அரை மணி நேர மோப்பம் அதன் மூளையை நன்றாகக் களைக்க வைக்கும். வெயில் ஏறிய பிறகு கூட்டிப்போகாதீர்கள். உங்கள் புறங்கை 7 வினாடி தாங்காத தரையை நாயின் பாதமும் தாங்காது.

7 மணிக்குச் சாப்பாடு. தட்டில் கொட்டாமல் பாதியைத் தேடித் தின்ன வையுங்கள். பழைய துண்டில் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம். முட்டை அட்டையின் குழிகளில் போடலாம். பால்கனியில் சிதறவிடலாம்.

8 மணிக்கு மேல் ஓய்வு. நீங்கள் கிளம்பும் பரபரப்பு அதன்மேல் படாமல், அதன் விரிப்பில் மெல்லும் பொருளோடு படுக்கப் பழக்குங்கள்.

மாலை மறுபடி நடை, விளையாட்டு, சாப்பாடு. இரவு 10 மணிக்குக் கடைசியாக ஒருமுறை வெளியே.

விரிப்பு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அங்கே படுத்திருக்கும்போது குழந்தைகள் உட்பட யாரும் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. நாய் தானாக அங்கே போய்ப் படுக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒரு துண்டு தீனியை விரிப்பில் வைத்துவிட்டு நகருங்கள். அமைதிக்குக் கூலி உண்டு என்பதை அது இப்படித்தான் கற்கும்.

மெல்ல எதைக் கொடுப்பது?

கடிக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. கடிக்க ஒன்றைக் கொடுக்க வேண்டும். கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது பள்ளம் விழுந்தால் அது பல்லுக்கு ஏற்றது. மான்கொம்பு, குளம்பு, மாட்டின் கால் எலும்பு போன்ற கல் போன்ற பொருட்கள் கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும்.

உள்ளே குழியுள்ள கனத்த ரப்பர் பொம்மை நல்லது. 1970களில் ஜோ மார்கம் என்ற அமெரிக்கர், தன் நாய் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்வதை நிறுத்த வழி தேடினார். வேன் ஒன்றைப் பழுது பார்க்கும்போது கழற்றிப்போட்ட ரப்பர் பாகத்தை அந்த நாய் ஆசையாகக் கவ்வியது. 'காங்' என்ற பெயரில் இன்று நம் ஊர்ச் செல்லப்பிராணிக் கடைகளிலும் கிடைக்கும் பொம்மை அதிலிருந்து வந்ததே. நாயின் வாய்க்கு ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். சின்னதாக இருந்தால் தொண்டையில் சிக்கும். உள்ளே தயிர்சாதம், உப்பு போடாமல் வேகவைத்த கோழி, மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அல்லது பூசணி அடைத்து ஃப்ரீசரில் உறைய வையுங்கள். நக்கி முடிக்க அரை மணி நேரமாகும். வேர்க்கடலை வெண்ணெய் வைத்தால் சைலிடால் என்ற இனிப்பு சேர்க்காததா என்று டப்பாவைப் படித்துப் பாருங்கள். அது நாய்க்குக் கடும் விஷம்.

பழைய செருப்பையோ சட்டையையோ விளையாடக் கொடுக்காதீர்கள். பழையதுக்கும் புதியதுக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது.

கூடாத பொருளை வாயில் வைத்திருந்தால் துரத்தாதீர்கள், வாயைப் பிளந்து பிடுங்காதீர்கள். பிடுங்குகிறவரிடம் நாய் விழுங்கியாவது காப்பாற்றப் பார்க்கும். மாற்றாக வேறொன்றைக் காட்டி "விடு" என்று சொல்லுங்கள். விட்டதும் தீனி கொடுங்கள். எடுத்த பொருள் பாதுகாப்பானதென்றால் திருப்பியும் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் அதே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். தாத்தா "போடு" என்றும் பேரன் "டிராப்" என்றும் சொன்னால் நாய் எதையும் கற்காது.

தனிமைப் பயிற்சி

இதுவே இந்த அத்தியாயத்தின் மையம். மேலே சொன்னவை எல்லாம் இதற்குத் துணை.

பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை அது தாங்கக்கூடிய நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது. "அழுது பழகட்டும்" என்று 8 மணி நேரம் பூட்டிவைப்பது, நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளிப் பழகிக்கொள் என்பது போன்றது. ஒவ்வொரு பதற்றமும் முந்தைய நாட்களின் முன்னேற்றத்தை அழிக்கும். ஆகவே ஆள் ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் காலை ஷிப்ட், ஒருவர் மாலை ஷிப்ட் கேட்டுப் பார்க்கலாம். சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். ஊரிலிருந்து அம்மாவையோ அத்தையையோ வரச் சொல்லலாம். எதிர் ஃபிளாட் அக்கா வீட்டில், அவர்கள் நாய்க்குப் பழகியவர்களாக இருந்தால், சில மணி நேரம் விடலாம். இதுதான் கடினமான பகுதி. இதைத் தாண்டாமல் மற்றது நடக்காது. நாயின் பயம் பெரும்பாலும் தனிமையைப் பற்றியது என்பதால் கூட இருப்பவர் நீங்களாகவே இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் ஒட்டியிருக்கும் நாயாக இருந்தால் அந்த ஒருவரை வைத்தே பயிற்சியைத் தொடங்குங்கள்.

முதல் படி, அறைக்குள் பிரிவு. நாய் விரிப்பில் இருக்கும்போது எழுந்து இரண்டு அடி நகர்ந்து திரும்பி வந்து உட்காருங்கள். பிறகு அடுத்த அறை வரை. பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி ஒரு நொடி. வால்போல் பின்தொடரும் நாய் "போனால் வருவார்" என்று எண்ணத் தொடங்கும் இடம் இது.

இரண்டாம் படி, கிளம்பும் அடையாளங்களின் அச்சத்தைப் போக்குதல். சாவிச் சத்தம், ஷூ, கைப்பை, ஹெல்மெட் ஆகியவற்றைப் பார்த்ததுமே நாய்க்கு மூச்சிரைப்பு தொடங்கிவிடும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குங்கள். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு டிவி பாருங்கள். ஷூ மாட்டிக்கொண்டு கூடத்தில் பத்திரிகை படியுங்கள். நாய் திரும்பிக்கூடப் பார்க்காத அளவுக்கு இவை அர்த்தமிழக்க வேண்டும்.

மூன்றாம் படி, வாசல் கதவு. திறந்து மூடுங்கள்; நீங்கள் உள்ளேயே இருங்கள். நாய் எழாமல் இருந்தால் வெளியே காலெடுத்து வைத்து உடனே உள்ளே வாருங்கள். அதுவும் பழகினால் கதவைச் சாத்தி ஒரு நொடி, மூன்று நொடி, ஐந்து நொடி.

நான்காம் படி, நேரத்தைக் கூட்டுதல். மற்றொரு போனில் வீடியோ கால் போட்டு உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டே வெளியே நில்லுங்கள். நாய் பதறுவதற்கு முன்பே திரும்ப வேண்டும். பதறிய பிறகு வந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். நேரத்தை ஏணிபோல் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒரு நாளின் வரிசை இப்படி இருக்கலாம்: 5 நொடி, 10 நொடி, 3 நொடி, 15 நொடி, 8 நொடி, 20 நொடி. ஒவ்வொன்றுக்கும் இடையே நாய் தளரும் வரை ஓரிரு நிமிடம் காத்திருங்கள். ஒரு தடவைக்கு 20, 30 நிமிடப் பயிற்சி போதும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு விடுங்கள். பயிற்சி நாய்க்கும் களைப்பு, உங்களுக்கும் களைப்பு.

நொடியிலிருந்து நிமிடத்துக்குப் போவதுதான் மெதுவாக நடக்கும். அரை மணி முதல் முக்கால் மணி வரை நிம்மதியாகப் படுத்திருக்கும் நாய்க்கு அதன் பிறகு பெரிய தாவல்கள் எளிதாகும். அப்போது ஐந்து, பத்து நிமிடமாகக் கூட்டலாம்.

மனத்தில் வைக்க வேண்டியவை:

- போகும்போது நீண்ட விடைபெறல் வேண்டாம். "போயிட்டு வரேன்டா" என்று வழக்கமான குரலில் ஒரு வார்த்தை போதும்.
- வந்ததும் அமைதியாகப் பேசித் தடவிக்கொடுங்கள். அன்பு காட்டினால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. பயந்த நாய்க்கு ஆறுதல் தருவது பயத்தைப் பரிசளிப்பதாகாது.
- தீனி அடைத்த பொம்மையை மட்டும் நம்பாதீர்கள். தின்று முடித்த நொடியில் பதறும் நாய்கள் உண்டு. பயம் மிகுந்தால் தீனியைத் தொடவே தொடாது. அதுவே நேரம் அதிகம் என்பதற்கான அறிகுறி.
- ஒரு நாள் பின்னடைந்தால் முந்தைய வாரத்து நேரத்துக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். மழை, விருந்தாளி, உடல்நலக்குறைவு எது வந்தாலும் பின்னடைவு சகஜம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எவ்வளவு நேரம், நாய் என்ன செய்தது என்று மூன்றே கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் ஒரு மாதக் குறிப்பைப் புரட்டினால் தெரியும்.

மழையும் தீபாவளியும்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையின் இடியும் தீபாவளிப் பட்டாசும் ஒரே மாதங்களில் வந்து சேரும். தனிமைக்குப் பயப்படும் நாய்களில் பல சத்தத்துக்கும் பயப்படும். அந்தக் காலத்தில் நேரத்தைக் கூட்டும் முயற்சியை நிறுத்தி, ஏற்கெனவே தாங்கும் நேரத்தோடு நில்லுங்கள். வெளிச்சுவர் இல்லாத உள்ளறை ஒன்றில் திரை போட்டு, மின்விசிறியும் பாட்டும் ஓடவிட்டு, விரிப்பை அங்கே மாற்றுங்கள். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். அந்த நாட்களில் நாயைத் தனியே விடவே வேண்டாம். நடையை விடியற்காலைக்கு மாற்றி, கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டுப் பிடியுங்கள். பட்டாசுச் சத்தத்தில் அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்த நாய்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

செய்யக் கூடாத குறுக்கு வழிகள்

கூண்டில் அடைப்பது: கூண்டை விரும்பிப் படுக்கும் நாய்க்கு அது அறை. தனிமைக்குப் பயப்படும் நாயைப் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பிய்த்துக்கொள்ளும்.

சங்கிலியில் கட்டிப்போடுவது: ஓட வழியில்லாமல் பயம் கூடும். கழுத்தும் இறுகும்.

மிளகாய்ப்பொடி தடவுவது: கண்ணையும் மூக்கையும் எரிக்கும். பயத்தைத் தொடாது. நாய் வேறு பொருளைக் கடிக்கும்.

துணைக்கு இன்னொரு நாய் வாங்குவது: பெரும்பாலும் பலிக்காது. இந்த நாய் தவிப்பது மனிதத் துணைக்காக. இரண்டு நாய்களும் சேர்ந்து தவிக்கும் வீடாகவும் ஆகலாம்.

மருந்து எப்போது?

தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் நாய், சில நொடிகூடத் தாங்காத நாய், ஒரு மாதப் பயிற்சியிலும் நகராத நாய்: இவற்றுக்கு மருந்து வேண்டியிருக்கும். மருந்தைக் கடைசிப் புகலிடமாக நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ஃப்ளூயோக்ஸெட்டின் என்ற மருந்தை நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கு, நடத்தைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதற்காக, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007இல் அனுமதித்தது. குளோமிப்ரமின் அதற்கு முன்பே அனுமதி பெற்றது. இவை மயக்க மருந்துகள் இல்லை. பதற்றத்தின் உச்சியைத் தணித்து, நாய் பாடம் கற்கும் நிலைக்குக் கொண்டுவரும். முழுப் பலன் தெரிய சில வாரங்களாகும். மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது. மனிதர்களுக்கு எழுதிய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது பெரும் ஆபத்து.

நாயை வெறுமனே மந்தமாக்கும் மருந்து மட்டும் கொடுக்கப்பட்டால் கேள்வி கேளுங்கள். உடம்பு அசையாமல், உள்ளே பயம் அப்படியே இருக்கும் நிலை நாய்க்குக் கொடுமை.

அக்கம்பக்கத்தாரும் நீங்களும்

ஊளைச் சத்தத்தால் புகார் வருவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்: "அக்கா, காப்பகத்திலிருந்து நாய் கூட்டிட்டு வந்திருக்கோம். தனியா இருக்கப் பயப்படுது. பழக்கிட்டு இருக்கோம். சத்தம் கேட்டா எனக்கு ஒரு போன் போடுங்க." முன்கூட்டிச் சொன்னவர்மேல் கோபம் குறையும். தகவலும் உங்களுக்குக் கிடைக்கும். வாடகை வீடென்றால் கதவு நிலையில் கீழ்ப்பாதிக்குத் தகடு அடித்துவிடுங்கள். மரமும் பிழைக்கும், நாயின் ஈறும் பிழைக்கும்.

உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். பல மாதங்கள் வீட்டைவிட்டு நகர முடியாத நிலை எவரையும் சோர்வடையச் செய்யும். பயிற்சியை ஒருவர் தலையில் கட்டாமல் பகிர்ந்துகொள்ளுங்கள். சில வீடுகளில் இரண்டு மாதத்தில் வழிக்கு வரும். சில வீடுகளில் ஓராண்டும் ஆகலாம். நீங்கள் சோம்பல்பட்டதால் அப்படி ஆவதில்லை. அந்த நாய் கடந்துவந்த பாதை அவ்வளவு நீளம்.

திருப்பி அனுப்பும் எண்ணம் வந்தால் ஒன்றை யோசியுங்கள். திரும்பிப் போகும் நாய் இன்னொரு பிரிவையும் சுமந்துகொண்டு போகிறது. அடுத்த வீட்டில் அதன் பயம் கூடியே இருக்கும். அடுத்த வீடு கிடைக்காமலும் போகலாம். முடிவெடுக்குமுன் தத்துக் கொடுத்த காப்பகத்திடம் உதவி கேளுங்கள், மருத்துவரிடம் பதிவைக் காட்டுங்கள், மூன்று மாதம் இந்த அத்தியாயத்தை உண்மையாகக் கடைப்பிடித்துப் பாருங்கள். இன்று மாலையே போனை அலமாரியில் வைத்து அரை மணி நேரப் பதிவு எடுங்கள். நாளை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். இந்த வாரம் முழுக்க அதைத் தனியே விடாமல் ஆள் ஏற்பாடு செய்யுங்கள். நாயைக் கூட்டிவந்த நீங்களே அதன் பயத்தையும் போக்கிவிட முடியும்.